பதினொரு மாத ஒப்பந்தத்தின் பத்தொன்பதாம் விதி

1

சென்ற கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் காலையில் எங்கள் வீட்டுக் கதவில் ஒரு பலகை தொங்கியது. ஓசூர்ப் பக்கத்து வாசகர்கள் ஜப்தி என்று எண்ணிப் பதற வேண்டியதில்லை. ஜெர்மனியின் தென்பகுதியில், ஸ்டுட்கார்ட் நகரை அடுத்துள்ள இச்சிற்றூரில், மாடிக் குடியிருப்புகளில் வசிப்போர் வாரத்துக்கு ஒருவராகப் பொதுப் படிக்கட்டைப் பெருக்கித் துடைக்கவேண்டும். தன் வாரத்தை முடித்தவர் உள்ளங்கை அகலமுள்ள அந்த மரப்பலகையை அடுத்தவர் கதவில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். வார்த்தை எதுவும் பேசப்படாது. பேசாமலேயே ஒருவரை வேலை வாங்கும் கலையில் இந்நாட்டாருக்கு நிகர் இந்நாட்டாரே.

இருபத்தோராண்டுகளாக நான் இந்தப் பலகைக்குக் கீழ்ப்படிந்து வருகிறேன். ஓசூரில் நான் நான்கு வீடுகளுக்கு உரிமையாளன். இங்கே நான்கு வீட்டார் மிதித்துக் கொணரும் சேற்றைத் துடைப்பவன். உழைப்பில் இழிவில்லை என்று இவ்விடத்தில் எழுதுவதே அழகு. என் முழங்கால்களுக்கு அழகுணர்ச்சி போதாது.

அன்று படிகளைத் துடைத்துக்கொண்டே கீழே வந்து சேர்ந்தபோது தபால் பெட்டியில் ஒரு கடிதம் இருந்தது. அனுப்பியவர் எங்கள் வீட்டு உரிமையாளர் ஹில்டா அம்மையார். எண்பத்தொரு வயதினர். இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், எங்களுக்குப் பதினாறு படிகளுக்குக் கீழே வசிக்கிறார். அந்தப் பதினாறு படிகளைக் கடப்பதற்கு அவர் கடிதத்துக்கு அஞ்சல்தலை ஒட்டி, தெருமுனைப் பெட்டியில் சேர்த்திருந்தார். அது நகரத் தலைமை அஞ்சலகம் சென்று, மூன்றாம் நாள் திரும்பி வந்திருந்தது.

அவருடைய பேரனுக்குத் திருமணமாகிறது. ஆகவே நாங்கள் குடியிருக்கும் பகுதி அவர் குடும்பத்தின் சொந்தத் தேவைக்கு வேண்டியிருக்கிறது. சட்டப்படியான ஒன்பது மாத அவகாசத்துடன் நாங்கள் வெளியேறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறோம். இறுதியில், 'நட்பான வணக்கங்களுடன்' என்றிருந்தது. இந்த நாட்டில் நட்பு எப்போதும் கடிதத்தின் கடைசி வரியில்தான் வந்து சேர்கிறது.

2

நான் உரிமையாளனான வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் முதலீடு செய்ய விழையும் இளைஞர்களுக்கு அது பயன்படலாம், குறைந்தபட்சம் எச்சரிக்கையாகவேனும்.

பிறந்தது சூளகிரிக்கு அருகே. கேழ்வரகும் தக்காளியும் விளையும் காடு. பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கருவிப் பிரிவில் பயிற்சியாளனாகச் சேர்ந்தேன். அங்கு வந்திறங்கிய சாணை பிடிக்கும் எந்திரத்தைப் பழகிவருமாறு மூன்று மாதத்துக்கு என்னை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அந்த மூன்று மாதம் முப்பத்தோராண்டுகள் ஆகியும் இன்னும் முடியவில்லை. இலக்கியத் தமிழை இங்கிருந்தபடி நானே கற்றுக்கொண்டேன். ஆகவே என் நடையில் குறையிருந்தால் பழிபோட ஓர் ஆசிரியரும் இல்லை.

ஜெர்மனியில் மருத்துவரும் நீதிபதியும்கூட வாடகை வீட்டிலேயே வாழ்ந்து, வாடகை வீட்டிலேயே கண்மூடுகிறார்கள். யாரும் அவர்களை ஏளனம் செய்வதில்லை. சூளகிரியில் அப்படியன்று. விடுப்பில் வரும்போதெல்லாம் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், 'இன்னும் வாடகை வூடுதானா?' என்று கேட்பார். நோய் விசாரிக்கும் குரலில் கேட்பார். முப்பது நாள் விடுப்பில் முப்பது பேர் விசாரித்தால் எந்த ஆரோக்கியசாலியும் படுத்துவிடுவான். நானும் நிலம் வாங்கத் துணிந்தேன்.

எனக்கு வழிகாட்டியவன் என் மனைவி சரோஜாவின் தம்பி முனிராஜ். ஓசூரில் ஆண்கள் இருவகையினர்: நிலத் தரகர்கள், தாங்கள் நிலத் தரகர்கள் என்பதை இன்னும் உணராதவர்கள். முனிராஜ் முதல் வகை. தமிழில் விலை சொல்வான், தெலுங்கில் குறைப்பான், கன்னடத்தில் கைகுலுக்குவான். இரு சக்கர வாகனத்தில் என்னை ஏற்றிக்கொண்டு தொரப்பள்ளிக்குப் போகும் பாதையில் ஒரு வெட்டவெளியில் நிறுத்தினான். வெள்ளையடித்த கற்கள் வரிசையாக நட்டிருந்தன. நுழைவாயில் வளைவில் ஏதோ ஒரு நகர் என்று எழுதியிருந்தது. நகருக்கு வேண்டிய மற்றவை, அதாவது தெரு, விளக்கு, தண்ணீர், மனிதர் ஆகியவை, பின்னால் வரும் என்றார்கள். பெங்களூரிலிருந்து மெட்ரோ ரயில் வரும். விமான நிலையம் வரும். கணினிக் கம்பெனி வரும். பதின்மூன்று ஆண்டுகளாகின்றன. இதுவரை சொன்ன நேரத்துக்குத் தவறாமல் வந்தவை யானைகள் மட்டுமே. கேழ்வரகு அறுவடைக் காலத்தில் அவை வளைவின் கீழாகவே போகின்றன. பெயர்ப்பலகையைப் படிப்பதில்லை.

இளைஞர்கள் கவனிக்க. வில்லங்கச் சான்றை முப்பதாண்டுகளுக்குப் பாருங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கூட்டுப் பட்டா என்றால் கூட்டத்தில் எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்று, விற்பவரை விட்டுவிட்டு வேறு யாரிடமாவது கேளுங்கள். இவ்வளவும் செய்தபின், ஆழ்துளைக் கிணறு தோண்டும்போது தண்ணீருக்குப் பதில் புழுதி வந்தால் மனந்தளராதீர்கள். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் இரண்டாம் முறையும் அதே உறுதியுடன் வருவார். இரண்டாம் முறை எனக்குத் தண்ணீர் வந்தது. எந்த ஆழத்தில் என்பதை என் மனைவிக்குக்கூட நான் சொன்னதில்லை.

மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு சிறு வீடுகள் எழும்பின. ஓய்வு பெற்றபின் இந்த வாடகைதான் எங்கள் ஜெர்மன் ஓய்வூதியத்துக்கு ஊன்றுகோல் என்பது என் திட்டம்.

3

வீடு கட்டியவன் வாடகை ஒப்பந்தம் எழுதவேண்டும். இங்கேதான் நான் மற்ற உரிமையாளர்களிடமிருந்து வேறுபட்டேன்.

ஓசூர்ப் பத்திர எழுத்தரிடம் இரண்டு பக்கத்தில் ஒரு வாடகை ஒப்பந்தம் எப்போதும் தயாராக இருக்கும். பெயரையும் தொகையையும் மாற்றினால் போதும். பதினொரு மாதத்துக்கு எழுதுவார்கள். பன்னிரண்டானால் பதிவு செய்யவேண்டும் என்பதற்காக. அந்த இரண்டு பக்கத்தின் தமிழைப் படித்து நான் மனம் வருந்தினேன். 'மேற்படி' என்ற சொல் பதினேழு முறை வந்திருந்தது. ஆகவே ஒரு குளிர்கால விடுமுறை முழுவதும் அமர்ந்து, ஹில்டா அம்மையாருடன் நான் செய்துகொண்டிருந்த ஜெர்மன் ஒப்பந்தத்தை முழுமையாகத் தமிழில் பெயர்த்தேன். இருபத்து நான்கு விதிகள். பெயர்த்ததோடு நில்லாமல் ஆங்காங்கே என் சொந்தக் கருத்துகளையும் சேர்த்து மெருகூட்டினேன். தட்டச்சு செய்தபோது பதினொரு பக்கம் வந்தது.

பத்திர எழுத்தர் அதைக் கையில் வைத்து எடை பார்த்தார். 'மாதத்துக்கு ஒரு பக்கமுங்களா சார்?' என்றார்.

பகல் ஒன்று முதல் மூன்று வரை அமைதி காத்தல். சுவரில் ஆணியடிக்கும் முன் அனுமதி பெறுதல். சாளரங்களைத் தினமும் திறந்து காற்றோட்டம் செய்தல் என எல்லாம் அதில் இருந்தன. ஒரு விதிப்படி படிக்கட்டுப் பெருக்கும் முறையும் உண்டு. அதற்கென ஜெர்மனியிலிருந்து ஒரு பலகையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய், 'இவ்வாரப் பணி தங்களுடையது' என்று தமிழில் எழுதி மாட்டினேன்.

முதலில் குடிவந்தவள் செல்வி. கோவில்பட்டிப் பக்கம். கணவன் பாண்டி வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் எந்திரம் ஓட்டுகிறான். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், மகாலட்சுமி. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சி, எனக்கும் ஒரு தம்ளர் கொடுத்துவிட்டு, ஒப்பந்தத்தின் பதினொரு பக்கத்திலும் பாண்டி கையெழுத்திட்டான். ஒரு வரியையும் படிக்கவில்லை. 'நீங்க எழுதினா சரியாத்தான் அண்ணாச்சி இருக்கும்' என்றாள் செல்வி. எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய அவமானமும் இல்லை, இதைவிடப் பெரிய பாராட்டும் இல்லை.

பலகை ஒரு மாதம்கூடப் பயன்படவில்லை. செல்வி தினமும் விடியலில் மேலிருந்து கீழ்ப்படி வரை பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலமிட்டுவிடுவாள். வாரத்துக்கொரு முறை பெருக்கும் உயர்ந்த நாகரிகத்தை நாளுக்கொரு முறை பெருக்குபவளிடம் நான் போதித்திருக்கிறேன். அடுத்த ஆண்டு போனபோது பலகையின் பின்புறத்தில் சுண்ணக்கட்டியால் ஏழாம் வாய்பாடு எழுதியிருந்தது.

அதன்பின் பதினொரு மாதத்துக்கொரு முறை முனிராஜ் புதிய முத்திரைத்தாளில், 'ஏனைய விதிகள் முன்போலவே' என்று ஒரு வரி எழுதிக் கையொப்பம் வாங்கிவருவான். ஏனைய விதிகள் எவை என்று அவனுக்குத் தெரியாது. ஏழாண்டுகளில் எனக்கும் மறந்துபோயிற்று.

4

மீண்டும் ஜெர்மனிக்கு வருகிறேன். ஹில்டா அம்மையாரின் கடிதம் கிடைத்த மறுவாரமே நான் குடியிருப்போர் சங்கத்தின் அலுவலகத்துக்குச் சென்றேன். இந்நாட்டில் குடியிருப்போருக்குச் சங்கம் உண்டு, சட்ட ஆலோசகர் உண்டு, காத்திருக்கும் அறையில் செடி உண்டு. எனக்கு வாய்த்த ஆலோசகர் முப்பது வயது இளைஞர். படிவத்தை நிரப்பியபடி வேறு வருமானம் ஏதும் உண்டா என்று கேட்டார். ஓசூரில் நான்கு வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பதை நான் சற்றுக் கம்பீரத்துடன் தெரிவித்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, வீட்டு உரிமையாளர் சங்கம் இரண்டாம் மாடியில் இருக்கிறது என்றார். நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே இரண்டாம் மாடியில்தான் இருந்தது.

நான் என் இரட்டைநிலையை விளக்கினேன். பிறகு அவர் எனக்காக ஒரு மறுப்புக் கடிதம் எழுதினார். அறுபத்தெட்டு வயது, மனைவிக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம், இருபத்தோராண்டுப் பழக்கம், மருத்துவரும் கடையும் நடந்துபோகும் தொலைவில், இந்த வயதில் பெயர்த்தெடுப்பது மனிதநேயமற்ற கடுமை. கடிதத்தைப் படித்தபோது என் மீதே எனக்கு இரக்கம் பெருகிற்று. இத்தனை பரிதாபத்துக்குரியவனாக நான் இதுவரை என்னை எண்ணிப் பார்த்ததில்லை. பெருமிதத்துடன் கையொப்பமிட்டேன். அஞ்சல்தலை ஒட்டி, பதினாறு படி கீழே உள்ளவருக்கு ஊரைச் சுற்றி அனுப்பினேன். வந்த ஊரின் வழக்கத்தை மதிக்கவேண்டும்.

வீடு திரும்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முனிராஜ் அழைத்தான்.

'மாமா, லட்டு மாதிரி பார்ட்டி ஒண்ணு வந்திருக்குது' என்றான். புதிதாகத் தொடங்கியிருக்கும் ஒரு கம்பெனிக்கு வேலைக்கு வரும் வெளியூர்ப் பெண்களைத் தங்கவைக்க ஓர் ஒப்பந்தக்காரர் மொத்தக் கட்டடத்தையும் கேட்கிறார். இப்போதைய வாடகையைப்போல் இரண்டரை மடங்கு. தை பிறப்பதற்குள் சாவி வேண்டும். ஒரு வீடு காலியாகவே இருந்தது. இரண்டில் இருந்தவர்கள் தனியாட்கள். ஒரு பையோடு வந்தவர்கள், ஒரு பையோடு போவார்கள். மிஞ்சியது செல்வியின் வீடு.

நான் அவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டேன். கேட்டேன் என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ளவேண்டும். கேட்டதைத் தவிர வேறெதையும் நான் செய்யவில்லை.

'ஓசூர்ல வூடா இல்ல மாமா? எழுதி அனுப்புங்க, நான் குடுத்துக்கறேன். நமக்கு அக்ரிமெண்ட்டு இருக்குது, முப்பது நாளு.'

எங்களுக்கு இங்கே புது வீடு பார்க்கவேண்டும். இருபத்தோராண்டுகளுக்கு முன் குடிவந்தவனின் வாடகையும் இன்று குடிபோகிறவனின் வாடகையும் ஒன்றல்ல. இரண்டரை மடங்கு வந்தால் இதே ஊரில், மின்தூக்கியுள்ள ஒரு கட்டடத்தில், மனைவியின் முழங்காலுக்கு உகந்த வீட்டை நான் எடுத்துவிடலாம். நியாயம் முழுவதும் என் பக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றிற்று. நியாயம் அப்படித்தான், கேட்பவர் பக்கத்தில் வந்து அமர்ந்துகொள்ளும்.

அன்றே ஒன்றரைப் பக்கத்தில் வெளியேற்ற அறிவிப்பை எழுதினேன். செல்வி குடும்பத்தின் எதிர்கால இல்வாழ்வு சிறக்கவேண்டும் என்று வாழ்த்தினேன். முடிவில் 'நட்பான வணக்கங்களுடன்' என்று எழுதியபோதும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. எழுதியதைச் சரோஜாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். 'காலையில அங்க போயி வயசாயிடுச்சு, முட்டி வலி, எங்கள அனுப்பாதீங்கன்னு அழுதுட்டு வந்தீங்க. மத்தியானம் இங்க உக்காந்து அந்தப் புள்ளைய வெளிய போவச் சொல்றீங்க. நடுவுல ஒரு தட்டு சோறு தின்னீங்க, அவ்ளோதான்' என்றாள்.

இரண்டும் வெவ்வேறு சட்ட எல்லைக்குட்பட்டவை என்று நான் விளக்கினேன். இரவுச் சாம்பாரில் உப்பு இல்லை.

5

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் செல்வி அழைத்தாள். ஓசூரில் அப்போது மாலை நான்கரை மணி.

'அண்ணாச்சி, செல்வி பேசுதேன். சொகமா இருக்கியளா? அக்காவுக்கு முழங்கா எப்படி இருக்கு?'

என் கடிதம் போய்ச் சேர்ந்திருந்தது. இருந்தும் முழங்காலைத்தான் முதலில் கேட்டாள். பிறகு சொன்னாள்: வாடகையைக் கூட்டவேண்டுமானால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம், இரண்டரை மடங்கு தங்களால் ஆகாது. போகவேண்டும் என்றால் போகத்தான் வேண்டும், வீடு அண்ணாச்சியுடையது. ஆனால் இன்னும் சில நாளில் மார்கழி. மார்கழியில் யாரும் வீடு மாறமாட்டார்கள். மாற நினைத்தாலும் புதுவீட்டுக்காரர் பால் காய்ச்ச விடமாட்டார். தைக்குப் பிறகு கிடைக்கும் வீடு எங்கே கிடைக்குமோ, சூளகிரிப் பக்கம் போனால் மகாவுக்குப் பள்ளிக்கூடம் இரண்டு பஸ்.

'பத்தாப்பு அண்ணாச்சி. பங்குனியில பரிச்ச. அது மட்டும் முடிஞ்சிரட்டும். அவ அப்பாவும் நானும் எட்டாப்பு தாண்டல. இவ ஒருத்தி வகுப்புல மொதல்ல வாரா.'

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். அவளுடைய இடர்ப்பாட்டை நான் உணர்வதாகவும், எனினும் ஒப்பந்தப்படி முப்பது நாள் அவகாசம் வழங்கப்பட்டிருப்பதாகவும், ஒப்பந்தம் இருதரப்பையும் கட்டுப்படுத்துவதாகவும் கூறினேன். அக்கரையில் மின்விசிறி சுற்றும் ஓசை கேட்டது. அந்த மின்விசிறிக்குக் கொக்கி மாட்ட எட்டாம் விதிப்படி அவர்கள் என்னிடம் அனுமதி வாங்கியிருந்தார்கள்.

'மகா, நீயே சொல்லு' என்று செல்வியின் குரல் விலகியது.

'வணக்கம் தாத்தா. ஒப்பந்தப்படின்னு சொன்னீங்கல்ல. எந்த விதிங்க தாத்தா?'

எனக்குத் தெரியவில்லை. எழுதியவன் நான். இருபத்து நான்கில் ஒன்று என்று பொதுவாகச் சொன்னேன்.

'பத்தொம்பதுங்க தாத்தா. வாசிக்கட்டுங்களா?'

படித்தாள்.

"குடியிருப்போர் ஐந்தாண்டுகளுக்கு மேற்பட்டுத் தொடர்ந்து வசித்திருப்பின், ஒப்பந்தம் எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டிருப்பினும், உரிமையாளர் ஆறு திங்களுக்குக் குறையாத முன்னறிவிப்பை எழுத்து மூலம் வழங்கக் கடமைப்பட்டவராவார். நாற்றைப் பிடுங்கி நடுவதற்கும் பருவம் பார்க்கும் நாம், ஒரு குடும்பத்தைப் பிடுங்கி நடுவதற்குப் பருவம் பாராதிருத்தல் தகாது."

முதல் வாக்கியம் ஜெர்மன் சட்டத்துடையது. குடியிருப்போரைக் காப்பதற்காக அவர்கள் எழுதி வைத்ததை, விடுபடாமல் பெயர்க்கும் கடமையுணர்ச்சியில் நானும் எழுதி வைத்திருக்கிறேன். உலகத்தில் எந்த வீட்டு உரிமையாளனும் தன் கையால் தனக்கு இப்படியொரு கால்விலங்கு பூட்டிக்கொண்டதில்லை. இரண்டாம் வாக்கியம் என்னுடையது. கேழ்வரகு நாற்று நட்ட கை எழுதியது. அதை எழுதிய மாலையில் நான் பெருமை தாங்காமல் எழுந்து அறைக்குள் இருமுறை நடந்தது நினைவுக்கு வந்தது.

அவள் நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தினாள். 'புதுப்பிக்கப்பட்டிருப்பினும்' என்பதில் தடுக்கி விழாத வாயை நான் முதன்முறையாகக் கேட்டேன். எத்தனையோ கட்டுரைகள் எழுதி ஊர்ச் சிற்றிதழ்களுக்கு அனுப்பியிருக்கிறேன். என் மகள் மீனா ஹாம்பர்க்கில் இருக்கிறாள். அச்சானதைப் படமெடுத்து அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று திரும்பி வரும். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நான் கற்றுத்தரவில்லை. அந்தக் காலத்தில் எனக்கு இரவுப்பணி, பகலில் என் தமிழை நான் மெருகேற்றிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் எப்போது படித்தாய் என்று மகாவைக் கேட்டேன்.

'மூணாவதுலயே தாத்தா. சத்தமா வாசிச்சுப் பழகுன்னு டீச்சர் சொன்னாங்க. வீட்ல பாடப்புத்தகத்தை விட்டா அதுதான் இருந்துச்சு. பாதி மனப்பாடம்.' பிறகு சற்றுத் தயங்கி, 'பன்னெண்டாவது விதி போர்ங்க தாத்தா' என்றாள்.

பன்னிரண்டு, சாளரக் காற்றோட்டம். உண்மைதான்.

பின்னாலிருந்து செல்வி ஏதோ அதட்டினாள். பெரியவர்களிடம் அப்படியா பேசுவது என்றிருக்கவேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று கூறி நான் அழைப்பை முடித்தேன்.

6

முனிராஜ் சட்டநிபுணனாக மாறினான். ஒவ்வொரு பதினொரு மாதமும் புது ஒப்பந்தம். ஆகவே செல்வி குடியிருப்பது ஏழாண்டு அல்ல, நான்கு மாதம்தான் என்றான். 'எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டிருப்பினும்' என்பதை நான் சுட்டிக்காட்டினேன்.

'அத யாரு மாமா எழுதச் சொன்னாங்க? எழுதின நீங்களே படிக்கல. அந்தப் பொண்ணு எதுக்குப் படிக்கணும்?'

விடையில்லாத கேள்விகளை அவன் எப்போதும் தமிழிலேயே கேட்பான்.

மறுநாள் ஹில்டா அம்மையார் எங்களைத் தேநீருக்கு அழைத்தார். இம்முறை கதவைத் தட்டி. என் மறுப்புக் கடிதம் மேசைமேல் இருந்தது. அவர் அதை இருமுறை படித்ததாகவும், என் உடல்நிலை இவ்வளவு மோசம் என்று அறியாமல் என்னைப் படிக்கட்டுத் துடைக்க விட்டதற்கு வருந்துவதாகவும் சொன்னார். எனக்குக் காது சூடேறிற்று. பேரனின் திருமணம் ஆவணியில்தான். ஒன்பது மாதம் என்பது சட்டம் விதித்தது. இன்னும் ஓரிரு மாதம் தேவையானால் பேரன் பொறுத்துக்கொள்வான் என்றார். மார்கழியில் எங்கள் ஊரில் வீடு மாறமாட்டார்கள் என்று நான் பேச்சோடு சொன்னேன். அது எப்போது என்று கேட்டார். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை என்றேன். கிறிஸ்துமஸ் சமயத்தில் யாரை யார் வெளியேற்றுவார்கள், அது எல்லா ஊரிலும் அப்படித்தானே என்றார்.

பிறகு, இந்தியாவில் உங்கள் வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டார். பதில் சொல்ல நான் ஜெர்மன் சொற்களைத் தேடுவதுபோல் நடித்தேன். சரோஜா தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னாள்: நல்ல மனிதர்கள், தினமும் படிக்கட்டைப் பெருக்குகிறார்கள், பெண்ணுக்குப் பரீட்சை. இருபத்தோராண்டில் அவள் பிழையில்லாமல் பேசிய முதல் ஜெர்மன் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

மேலே வந்ததும் முனிராஜை அழைத்து, ஒப்பந்தக்காரரிடம் கட்டடம் இல்லை என்று சொல்லச் சொன்னேன். 'லட்டு மாமா' என்றான் துயரத்துடன். நாங்கள் ஊரின் மறுகோடியில் இரண்டறை வீடொன்றைப் பார்த்திருக்கிறோம். தரைத்தளம். முழங்காலுக்கு நல்லது, கண்ணுக்கு விருந்தாக எதிரே பேருந்துப் பணிமனை. வீட்டு முதலீட்டில் கைக்கெட்டிய இரண்டரை மடங்கு வருவாயை அடியோடு இழக்கும் வழியை அறிய விரும்பும் இளைஞர்கள் எனக்கு எழுதலாம்.

அன்றே செல்விக்கு, வெளியேற்ற அறிவிப்பைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதினேன். வாடகை பழையபடியே என்பதையும் சேர்த்தேன். பத்தொன்பதாம் விதியைப் படித்துவிட்ட வாசகிக்கு எழுதுகிறோம் என்ற பொறுப்புணர்ச்சியால் கடிதம் சற்று விரிந்தது. குடியிருத்தல் என்னும் அறத்தின் தோற்றம் பற்றி ஒரு பத்தி. கேழ்வரகு நாற்றுக்கும் மானிடக் குடும்பத்துக்கும் உள்ள ஒப்புமை பற்றி ஒன்றரைப் பத்தி. ஜெர்மானியச் சட்ட மரபுக்கு ஒரு பக்கம். மொத்தம் நான்கு பக்கம். என் எழுத்துகளில் இதுவே தலைசிறந்தது என்று இன்றும் கருதுகிறேன். முனிராஜ் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

மறுநாள் மகாவிடமிருந்து குரல்பதிவு வந்தது.

'தாத்தா, லெட்டர் வந்துச்சு. அம்மாவுக்கு நான்தான் சத்தமா படிச்சேன். ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. ஆனா எங்களப் போக வேணாம்னு சொல்றது நாலாம் பக்கத்துல இருக்குது தாத்தா. மூணாம் பக்கம் வரைக்கும் அம்மா அழுதுக்கிட்டே இருந்தாங்க. மொதல் வரியிலயே சொல்லியிருக்கலாம்.'

அதை நான் மூன்று முறை கேட்டேன். சரோஜா ஒருமுறை கேட்டாள், போதுமென்றாள். பிறகு வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனேன். பலகை மீண்டும் எங்கள் கதவுக்கு வந்திருந்தது. பதினாறாம் படியில் அமர்ந்து, முப்பத்தோராண்டு எழுத்துப் பயிற்சியில் முதன்முறையாக ஒரே வரியில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன்:

'பரீட்சைக்குப் பிறகும் அங்கேயே இருங்கள்.'